வெள்ளிக் கிரகத்தில் வதனியின் நிறை

தராசின் சின்னத் திரையில் எண்கள் ஓடின. நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று, மறுபடியும் ஐம்பது. பிறகு நின்றுவிட்டன. 50.1.

முன்வரிசையில் குந்தியிருந்த தரம் எட்டுப் பிள்ளை ஒருத்தி அதை எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய கிரகங்களின் நிறை அட்டவணையைப் பார்த்தாள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக இறங்கி ஓரிடத்தில் நிறுத்தினாள். அடுத்த கணம் கத்தினாள்:

“வதனி மிஸ் வெள்ளியில நிக்கிறாங்க!”

வகுப்பறையே சிரித்தது. கண்காட்சி பார்க்க வந்த பெற்றோர் சிரித்தார்கள். பாடசாலை அதிபர் கை தட்டினார்; நானும் வதனியும் பேசிவைத்துச் செய்த வேடிக்கை என்று நினைத்திருப்பார். தராசின் மேல் வெறுங்காலோடு நின்ற வதனியும் சிரித்தாள். அவளுடைய உதடுகள் வெடித்து, ஓரங்கள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன.

என்னால் சிரிக்க முடியவில்லை. கண்டி மலையில் உள்ள ஹேவாஹெட்டவில் அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி. அது யன்னல் வழியாக உள்ளே வந்து அட்டவணையின் கீழ் ஓரத்தை நனைத்திருந்தது. அந்த ஓரத்துக்குச் சற்று மேலே, பச்சை மையில், என் கையெழுத்தில் எழுதியிருந்தது: வதனி மிஸ். புவியில் 55. வெள்ளியில் 50.

தாமதம்

போன இதழைப் படித்த வாசகர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் படிக்கும் கணக்கு எப்போதாவது யாருக்காவது உதவியிருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தார். ஒருவருக்கு உதவியது. அதுவும் தாமதமாக. அந்தத் தாமதத்துக்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை. கணிதம் என் பாடம். வீடு கட்டுகஸ்தோட்டையில் இருந்தாலும், மழைக்காலத்தில் தினமும் அந்த வளைவுகளில் பஸ்ஸேறி வந்துபோக முடியாது. பாடசாலைக்குக் கீழே ஒரு மாடி வீட்டில் மேல் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அந்த அறைக்குப் பங்காளியாக வந்தவள்தான் வதனி. யாழ்ப்பாணத்துப் பெண், விஞ்ஞான ஆசிரியை. என்னைவிட நான்கு வயது இளையவள்.

முதல் நாள் அவள் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் குந்தி, “சிபானா, இஞ்ச மனுசர் எப்பிடிக் குளிக்கிறவை?” என்று கேட்டாள். “குளிக்கிறல்ல. கும்பிட்டுட்டு வாளிய வெச்சிர்ற” என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

கீழே வீட்டுக்காரி பாக்கியம் அக்கா தனியாக இருந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நெடுங்காலம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் அறையின் பலகைத் தரைதான் அவருக்குக் கூரை. நாங்கள் எங்கே நடக்கிறோம், எப்போது படுக்கிறோம் என்பதெல்லாம் அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.

சனியின் கட்டம்

கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, “உம்மட பாடத்தையும் என்ர பாடத்தையும் சேத்து ஒண்டு செய்வம்” என்றாள் வதனி. ஒரு பொருள் ஒவ்வொரு கிரகத்திலும் எவ்வளவு நிறை காட்டும்? ஈர்ப்பு அவளுடைய பங்கு. விகிதசமன் என்னுடையது.

கணக்கு எளிதானது. புவியில் நிறை ஒன்று என்றால் நிலாவில் ஏறக்குறைய ஆறில் ஒன்று. செவ்வாயில் 0.38. வெள்ளியில் 0.91. வியாழனில் இரண்டரை மடங்கு. பத்துக் கிலோ அரிசி மூட்டையோ, பாடசாலை மணியோ, அதிபரோ, எதை வைத்தாலும் அந்த விகிதம் மாறாது. பொருளுக்குப் பொருள் கிரகம் பாரபட்சம் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொன்னவளுக்கே அது விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் வாப்பாவைக் கொஞ்சம் கூப்பிட வேண்டும். அவருடைய கடையில் இரட்டைத் தட்டுத் தராசு இருந்தது. கண்காட்சி விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது, “என்ட தராச நிலாவுக்குக் கொண்டு போனா என்னா காட்டும் மகள்?” என்று கேட்டார். ஒரு தட்டில் படிக்கல்லும் மறுதட்டில் பருப்பும் இருந்தால், இரண்டும் ஒரே அளவில் இலேசாகும். தராசு நேராகவே நிற்கும் என்றேன். “அப்ப அது நல்ல தராசு” என்றார். ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்த்தால் ஏமாறலாம், பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால் ஏமாற முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பருப்பு வியாபாரி, அவ்வளவுதான்.

நாங்கள் பயன்படுத்தியது ஏறி நிற்கும் டிஜிட்டல் தராசு. மாதிரிக்காக முதலில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை நிறுத்தோம். அடுத்து வதனி ஏறினாள். சரியாக 55. அதை வைத்துத்தான் அவளுடைய வரிசையை எழுதினோம். வியாழனில் நூற்று முப்பத்தேழு என்று வந்தபோது கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

சனிக்கு மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு எண். ஒன்று புவியைவிடக் கூட என்றது. ஒன்று குறைவு என்றது. தீர்மானிக்கும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த பாக்கியம் அக்கா தரையில் விரித்திருந்த அட்டவணையைக் குனிந்து பார்த்து, வெறுமையாக இருந்த கட்டத்தைத் தொட்டார். “இது என்னாங்க டீச்சர்?”

“அது சனி” என்றாள் வதனி.

“அவரு கட்டத்தப் போயி வெறுமையா விட்டிருக்கீங்க? வெறுங்கட்டமா இருந்தா வந்து குந்திக்குவாரு. எதாச்சும் எழுதுங்க.”

“எழுதுறம் அக்கா” என்று வதனி சிரித்தாள். நாங்கள் எழுதவில்லை.

ஒருவர் நடக்கும் சத்தம்

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் தனித்தனியாகத்தான் பார்த்தேன்.

வதனி தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். போத்தலை வாயில் வைத்தால் கீழே வைக்காமல் குடித்தாள். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்கு அறையின் மறுபக்கத்தில் கேட்கும். குளிருக்கு நாக்கு வறளுகிறது என்றாள். நானும் நம்பினேன்.

அவளுடைய வளையல் ஒன்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்து உருண்டது. ஆசிரியர் அறையில் எல்லோரும் “மெலிஞ்சு வடிவா வந்திட்டீங்க” என்றார்கள். நானும் சொன்னேன்.

ஒரு காலை நான் இறங்கி வரும்போது பாக்கியம் அக்கா படிக்கட்டில் என்னை மறித்தார். குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், மேல ரெண்டு பேருதானே இருக்கீங்க?”

“ஓ. ஏன் அக்கா?”

“ஒரு ஆளு நடக்குற சத்தந்தான் கேக்குது.”

வதனி வந்தவுடன் சோர்ந்து படுத்துவிடுகிறாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பலகை மழைக்கு ஊதியிருக்கும் என்றேன். அவர் தலையை அசைத்தார், ஆனால் என்னை நம்பவில்லை. “இங்கிட்டு வாங்க” என்று பின்பக்கம் அழைத்துப் போனார்.

குளியலறைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. யாரோ கரியால் கீறியதுபோல இருந்தது. அருகே போனதும் அந்தக் கோடு அசைந்தது. எறும்பு. ஆயிரக்கணக்கில். கக்கூஸின் குழாய் முடியும் இடத்துக்கு ஒரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சோறு கொட்டும் இடத்தில் ஒன்றுகூட இல்லை.

“இருவது வருஷமா இந்த வூட்டுல இருக்கேன். இப்பிடி வந்ததில்ல” என்றார். “அந்தப் பொண்ணு மேல எதுவோ ஏறியிருக்குங்க. கிட்டப் போனா பழ வாசன அடிக்குது. நீங்க கவனிக்கல?”

கவனித்திருந்தேன். கனிந்து அழுகத் தொடங்கிய அன்னாசியின் வாசனை, அதோடு நகப்பூச்சு அழிக்கும் மருந்தைக் கலந்ததுபோல. எங்கள் அறையில் பழமே இல்லை. வதனியின் பைக்குள் ஏதாவது கிடக்கிறதா என்றுகூட ஒருநாள் பார்த்தேன். அவள் பேசும்போது மட்டும் அந்த வாசனை வந்தது. அவள் பேசி முடித்துத் திரும்பிப் படுத்த பிறகும் சற்று நேரம் அந்த இடத்தில் நின்றது.

நான் செய்த பிழை

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில், தராசு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வதனியை மறுபடி ஏறச் சொன்னேன். 52.4 என்று காட்டியது.

“பெற்றரி முடிஞ்சு போச்சு” என்றாள்.

புதிய பற்றரி போட்டேன். 52.4.

என்னிடம் அரிசி மூட்டை இருந்தது. நானும் இருந்தேன். வேறு எதையாவது அதே தராசில் வைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். நான் வைக்கவில்லை. சனியின் கட்டம் தவிர அட்டவணையைப் பச்சை மையில் எழுதி முடித்திருந்தோம், அழித்தால் அழுக்காகும். மலிவான தராசு என்று சொல்லிக்கொண்டு அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கணிதம் படிப்பிக்கிற ஒருத்தி, எண் தப்பென்று சொல்லி எண்ணை மூடிவைத்தாள். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

வெள்ளியில்

இனிக் கண்காட்சி நாளுக்குத் திரும்புகிறேன். திரையில் 50.1. பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தைந்துக்கு ஐம்பது. பதினொன்றுக்குப் பத்து. தராசு எல்லாவற்றையும் அந்த அளவில் குறைத்துக் காட்டுகிறதென்றால், பத்துக் கிலோ மூட்டை ஒன்பது சொச்சம் காட்ட வேண்டும். அறுபத்தாறு கிலோவான நான் அறுபதாக வேண்டும். விகிதம் யாரையும் விட்டுவைக்காது.

வதனியை இறக்கி, மூட்டையை வைத்தேன். 10.0.

செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறினேன். 66.0.

என் காலடியில் இருந்தது புவிதான். மூட்டையின் கீழும் புவிதான். அந்த அறையில் ஒரே ஓர் ஆள் மட்டும் குறைந்துகொண்டிருந்தாள். மூடுபனியில் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மலையேறி வந்தவளைப்போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாள். ஆனால் அவள் காலையிலிருந்து அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை.

“வதனி, என்னா செய்யிது?”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் வயித்துக்க நோகுது. காஸ்ட்ரிக்.” வார்த்தைகளுக்கிடையே மூச்சு வாங்கியது. “பிள்ளையளுக்கு முன்னால கத்தாதையும்.”

ஆசிரியர் அறையில் படுக்கவைத்தோம். படுத்த பிறகும் மூச்சு அப்படியே இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன, என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பழ வாசனை அறை முழுவதும் நிறைந்தது. உள்ளே வந்த உடற்பயிற்சி ஆசிரியர், “யார் அன்னாசி வெட்டினது?” என்று கேட்டார்.

வேன்

பாக்கியம் அக்கா வேனோடு வந்து சேர்ந்தார். யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். கையில் தட்டில் எலுமிச்சம்பழம், கற்பூரம். பக்கத்துத் தோட்டத்தில் மந்திரிக்கிற ஒருவரிடம் முன்பே பேசிவைத்திருக்கிறார்.

“ஆசுபத்திரிக்கு” என்று சாரதியிடம் சொன்னேன்.

“காத்து கருப்புக்கு ஆசுபத்திரியில மருந்தில்லீங்க டீச்சர்” என்றார் அக்கா. கோபமில்லை, கெஞ்சினார். “நேரம் போகப் போக அது இறுக்கிப் புடிச்சிரும். நான் புள்ளைங்கள வளத்தவ. எனக்குத் தெரியாதா?”

அவருடைய கண்களைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எனக்கு முன்னால் அவர்தான் கண்டவர். எறும்பைக் கண்டவர் அவர். வாசனையைச் சொன்னவர் அவர். சத்தம் குறைந்ததைக் கேட்டவரும் அவர்தான். நான் பெட்டிக்குள் மூடிவைத்ததை அவர் படிக்கட்டில் நின்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க சென்னது எல்லாம் உண்ம. அவள்ட ஒடம்பில என்னமோ இரிக்கிதான். மொதல்ல டொக்டர்ட்ட அத அப்பிடியே செல்லுங்க. அவர் ஒண்டுமில்ல எண்டா, நானே ஒங்களோட அங்க வாறன்.”

“அல்லா மேல சத்தியமா?”

“சத்தியமா.”

தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். வதனியின் தலை என் தோளில். தலத்துஓயாப் பக்கம் இறங்கும் வளைவுகளில் மூடுபனிக்குள் முன்விளக்கு மட்டும் போனது. அவளுடைய மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. வழியில் ஓரிடத்தில் அது சற்றே நின்றதுபோல இருந்தது. பாக்கியம் அக்கா அவளுடைய கன்னத்தில் ஓர் அடி வைத்தார். “மூச்சு விடுடி!” மூச்சு திரும்ப வந்தது.

எண் இல்லாத திரை

முதலில் கண்ட சிறிய ஆஸ்பத்திரியில் இறக்கினோம். விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கருவியில் வைத்தார்கள். நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன். எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. இரத்தத்தில் சீனி அந்தக் கருவி அளக்கக்கூடிய எல்லைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தமாம்.

இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: எவ்வளவு நாளாக மெலிகிறார்? நான் சொன்னேன்: ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால் 55, பத்து நாளைக்கு முன்னால் 52.4, இன்று காலை 50.1. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பாக்கியம் அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எறும்பைப் பற்றிச் சொன்னார். வாசனையைப் பற்றியும் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. நீரிழிவு என்றார். உடம்புக்குச் சீனியை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது சிறுநீரோடு போகிறது, எறும்பு அதைத்தான் தேடி வந்திருக்கிறது. சீனி கிடைக்காத உடம்பு தன் கொழுப்பை எரிக்கிறது. அந்த வாசனை அதிலிருந்துதான். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுக்கப் போனார்.

பாக்கியம் அக்கா எலுமிச்சம்பழத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். “காத்து இல்லியா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்ல அக்கா.”

“அப்ப இது அதவிடப் பெருசு” என்றார்.

ஆறாம் நாள்

கண்டியில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அம்மா வந்தார். நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஆறாம் நாள் நான் போனபோது தலையணையில் சாய்ந்திருந்தாள். அம்மா தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தார்.

நான் உட்கார்ந்ததும் கண்காட்சிக்குப் பத்து நாளுக்கு முந்திய அந்த எண்ணைப் பற்றிச் சொன்னேன். மூட்டையை வைத்துப் பார்க்காமல் விட்டதைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது.

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நானும் பாத்தனான் தானே” என்றாள். “பெற்றரி எண்டு சொன்னதும் நான்தான். தராசு சரியெண்டு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன்…”

“எனக்குச் சந்தோசமா இருந்தது, சிபானா.”

பிறகு சொன்னாள். ஊரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில். அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை கொஞ்சம் பெருப்பம், ஐந்தாறு கிலோ குறைந்தால் நல்லது என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கிழமையிலிருந்து அவள் சோற்றைக் குறைத்தாள். குறைத்ததுதான் வேலை செய்கிறது என்று நினைத்தாள். தாகம் எடுத்தால் பரவாயில்லை, தலை சுற்றினால் பரவாயில்லை. தராசில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. கண்காட்சியில் 50.1 என்று வந்தபோது, கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் அவள் மனதாரத்தான் சிரித்தாளாம்.

வதனி இப்போது வடக்கில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். தினமும் ஊசி போடுகிறாள். நலமாக இருக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, “எழுதும். ஆனா வார்டில எடுத்த அந்தப் படத்தை விடாமல் எழுதும்” என்று மட்டும் சொன்னாள். ஆகவே அதையும் எழுதுகிறேன்.

அன்று வார்டில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தரகரின் செய்தி. பிள்ளை இப்போது மெலிந்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம். மாப்பிள்ளை வீட்டார் புதுப்படம் ஒன்று கேட்கிறார்களாம்.

“ஒண்டு எடும்” என்றாள்.

“இப்பயா?”

“ஓம். இப்ப.”

தலையை வாரவில்லை. கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சும் பிளாஸ்டரும். கழுத்தெலும்பு இரண்டும் தோலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. தொலைபேசித் திரையில் அந்த முகம் வந்து நின்றது. ஒரே அறையில் என்னோடு இருந்தவளின் முகம் அதுவல்ல. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். அதற்குள்ளிருந்து வேறு யாரோ என்னை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது.

அவள் அதை வாங்கி அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள்: “இதுதான் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நிறை.”

இரண்டு நீலச் சரி அடையாளங்கள் விழுந்தன. மறுபக்கத்தில் யாரோ எழுதத் தொடங்குவது தெரிந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. பிறகு நின்றுவிட்டது.

தாதி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். வதனி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டை மடிக்கு இழுத்துச் சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.